விறைப்பு ஊசி வயிற்றுக்குள் இருக்கும் அழற்சியையும் அடக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கூடத்துக்கு வெளியே வாங்கில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, நின்ற நிலையில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே ஓடுவதுதான் வழக்கம். கொஞ்சக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "விறைப்பு ஊசி மருந்து வயிற்றுக்குள்ள இருக்கிற அழற்சியையும் குறைக்குமாம், கனடாவில இருந்து தம்பி வாசிச்சுப்போட்டு அனுப்பினவன். இவருக்கும் அதைப் போட்டால் என்ன?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, விஷயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்கு எல்லை எங்கே என்று நின்ற நிலையில் விளக்க முடியாது. ஆகவே ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

விறைப்பு ஊசி என்று எதைச் சொல்கிறீர்கள்? மயக்க மருந்தும் அதுவும் ஒன்றா?

பல்லுப் பிடுங்கும்போது முரசில் போடுகிறார்களே, அதுதான். காயம் தைக்கும்போது சுற்றிவரப் போடுவதும், பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்கு முதுகில் போடுவதும் அதே குடும்பம்தான். லிக்னோகெயின் வேகமாக விறைக்கச் செய்து ஓரிரண்டு மணித்தியாலத்தில் விட்டுப்போகும். பியூபிவகெயின் மெதுவாகப் பிடித்துப் பல மணித்தியாலம் நிற்கும். இரண்டுமே நரம்பின் வழியாகச் செய்தி போவதைத் தடுப்பவை. ஆள் விழித்துக்கொண்டிருப்பார், கதைப்பார். மயக்க மருந்து மூளையைத் தூங்க வைப்பது, அது வேறு.

இந்தக் குடும்பத்தின் மூத்தது கொக்கெயின். 1884 இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர் அதைக் கண்ணில் விட்டு, கண் விறைத்துப்போவதைக் காட்டினார். லிக்னோகெயினை 1943 இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். எனக்கு இதில் ஒரு சின்ன வியப்பு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழிலேயே படிப்பித்த சாமுவேல் கிறீன் காலமானதும் அதே 1884 இல்தான். அவர் இங்கே கத்தி பிடித்த காலம் முழுவதும் உலகத்தில் எந்த வைத்தியரிடமும் விறைப்பு ஊசி இருக்கவில்லை.

வயிற்றுக்குள் கிருமி பரவினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

வயிற்றின் உட்சுவரையும் குடல், இரைப்பை, ஈரல் ஆகியவற்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்று சொல்வோம். விரித்துப் போட்டால் பரப்பளவு ஏறக்குறைய நம் தோலின் அளவு வரும். அவ்வளவு பெரிய இடம் வழக்கத்தில் கிருமியே இல்லாமல் இருக்கிறது. குடலுக்குள்ளே கோடிக்கணக்கில் கிருமிகள் இருந்தாலும் குடற்சுவர் அவற்றை வெளியே விடாது. சுவரில் ஓட்டை விழுந்தால்தான் வில்லங்கம். குடல்வளரி (அப்பெண்டிக்ஸ்) வெடிக்கலாம். இரைப்பைப் புண் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். முழங்கால் நோவுக்கு டைக்குளோஃபெனாக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கி அந்த நிலைக்கு வருபவர்கள் நம்மூரிலும் உண்டு. நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்) முற்றிக் குடலைத் துளைக்கலாம். பித்தப்பை அழுகலாம். முன்பு செய்த சத்திரசிகிச்சையின் தையல் கசியலாம்.

குடலைப் போர்த்திய சவ்வின் நரம்புகளுக்கு இடம் சரியாகச் சொல்லத் தெரியாது. அதனால்தான் குடல்வளரி அழற்சி தொடங்கும்போது நோ தொப்புளைச் சுற்றி மந்தமாக வருகிறது. அழற்சி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்டதும் நோ வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கிக் குத்தத் தொடங்கும். அந்தச் சுவருக்குத் தோலுக்குப் போகும் அதே நரம்புகள்தான். அசைந்தால் நோவில் உயிர் போவதுபோல இருக்கும். ஒழுங்கைக் குழிகளில் ஓட்டோ விழுந்தெழும்பும்போது நோயாளி வயிற்றைப் பொத்திக்கொண்டு கத்தினார் என்று உறவினர் சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். இது வெறும் அனுபவக் கதையும் இல்லை. இங்கிலாந்தில் 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், குடல்வளரி அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வீதியின் வேகத்தடை மேட்டில் வாகனம் ஏறி இறங்கியபோது நோ கூடியிருந்தது.

அப்புறம் உடல் படையை அனுப்புகிறது, அதுதான் அழற்சி. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. வெண்குருதிக் கலங்கள் இலட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன. வபை என்ற கொழுப்புத் திரை நகர்ந்துபோய் ஓட்டை விழுந்த இடத்தைப் பொத்திப் பிடிக்கப் பார்க்கிறது. குடல் அசைவதை நிறுத்திவிடுகிறது, வயிறு உப்புகிறது. லீற்றர் கணக்கில் நீர் இரத்தத்தை விட்டு வயிற்றறைக்குள் இறங்குவதால் இரத்த அழுத்தம் விழுகிறது, சலம் குறைகிறது. வார்ட்டில் முதலில் சேலைன் ஏற்றுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படியென்றால் அழற்சி நல்லதா, கெட்டதா?

இரவில் கள்ளன் வந்துவிட்டான் என்று ஒரு வீட்டார் சத்தம் போட, ஊரே பொல்லும் தடியுமாகத் திரண்டு வருகிறது என்று வையுங்கள். அந்தக் கூட்டம் வராவிட்டால் கள்ளன் அகப்படமாட்டான். வந்தபிறகு வேலியைப் பிரித்து, கிணற்றடியை உடைத்து, வீட்டுக்காரனுக்கும் இருட்டில் நாலு அடி போட்டுவிட்டுப் போனால்? வயிற்றுக் கிருமித் தொற்றில் நடப்பதும் இதுதான். கிருமியைக் கொல்வதற்காக வெண்குருதிக் கலங்கள் கக்கும் இரசாயனங்கள் நம் கலங்களையும் சுடுகின்றன. அவை ஒன்றையொன்று உசுப்பிவிடும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகின்றன. இப்படி உடலின் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்கும் நிலைக்குத்தான் செப்சிஸ் என்று பெயர். "இரத்தத்தில கிருமி ஏறிட்டுது" என்று வார்ட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், அந்தச் சொல் முழுச் சரி இல்லாவிட்டாலும்.

விறைக்கிற மருந்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நரம்பில் இந்த மருந்து செய்வது எளிய வேலை. நரம்பின் சவ்வில் சோடியம் உள்ளே புகும் வாயில்கள் இருக்கின்றன. மருந்து உட்பக்கமாகப் போய் அந்த வாயில்களை அடைத்துவிடும். சோடியம் புகாவிட்டால் செய்தி நகராது. பள்ளிக்கூடப் பாடம் இவ்வளவுதான்.

வெண்குருதிக் கலங்களில் நடப்பது வேறு. அங்கே சோடியம் வாயிலை அடைப்பதைக் கொண்டு மட்டும் விளைவை விளக்க முடியவில்லை. கலத்தின் சவ்வுக்குள் ஜி புரதங்கள் என்று ஒரு வகை உண்டு. வெளியே வந்த செய்தியை உள்ளே கடத்தும் தரகர்கள் என்று வையுங்கள். அவற்றில் ஒரு வகையின் வேலையை லிக்னோகெயின் போன்ற மருந்துகள் மந்தப்படுத்துகின்றன. நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம் சண்டைக்கு முன் ஒருமுறை உசுப்பப்பட்டு, "தயார்" நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் இன்னொரு தூண்டுதல் வந்தால் அளவுக்கு மீறிப் பொங்கும். அந்த உசுப்பலைத்தான் இந்த மருந்து தணிக்கிறது. அதுவும் நரம்பை விறைக்க வைக்கத் தேவையான செறிவைவிட மிகக் குறைந்த செறிவில்! ஆனால் உடனே நடக்காது. சில மணித்தியாலம் மருந்தோடு ஊறியிருக்க வேண்டும்.

இன்னும் சில உண்டு. நியூட்ரோபில்கள் இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிப் பின் வெளியே ஊர்ந்துபோவது குறைகிறது. இன்டர்லூக்கின் 6, கட்டி நசிவுக் காரணி போன்ற சைட்டோகைன்கள் வெளியாவது குறைகிறது. நரம்பு முனைகளே தங்கள் பங்குக்குச் சில பொருட்களைக் கக்கி அழற்சியை ஊதிவிடும். நரம்பு விறைத்தால் அந்த ஊதலும் அடங்கும்.

யோசனை இன்று நேற்று வந்ததும் இல்லை. கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில், ரஷ்யச் சத்திரசிகிச்சை வைத்தியர் அலெக்சாண்டர் விஷ்னேவ்ஸ்கி புரோகெயின் என்ற விறைப்பு மருந்தைத் திசுக்களுக்குள் தாராளமாகச் செலுத்தி அழற்சிக்கே சிகிச்சை செய்யப் பார்த்தார். அவருடைய விளக்கங்கள் எல்லாம் இன்று நிற்கவில்லை. நரம்புக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு என்ற அவருடைய பிடிவாதம் மட்டும் வீண்போகவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஏன் எல்லா நோயாளிக்கும் கொடுக்கவில்லை?

எலியில் வேலை செய்ததெல்லாம் மனிதரில் வேலை செய்வதில்லை என்பதால். வயிற்றுத் தொற்றை ஆராய்பவர்கள் எலியின் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைக் கட்டி, ஊசியால் துளைத்து, மலம் கசிய விட்டுப் பெரிட்டனைட்டிஸ், அதாவது பெரிட்டோனியத்தில் அழற்சி, உண்டாக்குவார்கள். அப்படிப்பட்ட சோதனைகள் சிலவற்றில் லிக்னோகெயின் பெற்ற எலிகளுக்கு அழற்சி குறைந்தது, பிழைத்தவற்றின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் அங்கே மருந்து போகும் நேரம் ஆராய்ச்சியாளரின் கையில் இருக்கிறது. துளைத்த கையோடு போட்டுவிடலாம். நம் நோயாளி மூன்று நாள் வீட்டில் இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு வருகிறார்.

மனிதர்களில் பார்த்தது பெரும்பாலும் திட்டமிட்ட குடல் சத்திரசிகிச்சைகளில். இரத்த நாளம் வழியாக லிக்னோகெயினை மெதுவாக ஏற்றினால் நோ குறையும், குடல் சீக்கிரம் அசையும் என்று சிறிய ஆய்வுகள் பல சொல்லின. 2018 இல் 68 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு, ஆதாரத்தின் தரம் போதாது, நன்மை உண்டா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று கையை விரித்தது. பிறகு பிரித்தானியாவில் ஏறக்குறைய 600 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் துளைவழிப் பெருங்குடல் சத்திரசிகிச்சை செய்தவர்களில் பாதிப் பேருக்கு லிக்னோகெயின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மூன்று நாளில் குடல் வழமைக்குத் திரும்பியவர்களின் பங்கு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்களில் பலருக்கு அது ஏமாற்றம். நானும் அந்த மருந்தில் கொஞ்சம் ஆசை வைத்திருந்தவன்.

அந்தச் சோதனை கிருமித் தொற்று உள்ளவர்களைப் பற்றியது இல்லை, ஆகவே வயிற்றுத் தொற்றுக்குக் கதவு மூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். வெடித்த வயிறோடு வருபவருக்கு அழற்சியைக் குறைக்கவென்றே லிக்னோகெயின் ஏற்றுவது இன்றைக்கு வழமையான சிகிச்சை இல்லை. கனடாத் தம்பிக்கு இந்த ஒரு வரியை அனுப்பினால் காணும்.

படையை அடக்கினால் கிருமி மிஞ்சிவிடாதா?

நல்ல கேள்வி, ஆராய்ச்சிக்காரர்களே கேட்கும் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் அதிக செறிவில் இந்த மருந்துகள் வெண்குருதிக் கலம் கிருமியை விழுங்குவதையும் குறைக்கின்றன. வெளிப்படையான கிருமித் தொற்று இருக்கும் இடத்தில் அது பாதகமாகலாம். இரத்த நாளம் வழியாக ஏற்றும்போது இரத்தத்தில் வரும் செறிவு ஒரு மில்லிலீற்றருக்கு 1 முதல் 3 மைக்ரோகிராம் அளவில்தான். அந்த அளவில் விழுங்கும் வேலை பெரிதாகக் கெடுவதாகத் தெரியவில்லை. காயத்துக்குள் நேரடியாகச் செலுத்தும்போது அந்த இடத்தில் இருக்கும் செறிவு ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த உயர்ந்த செறிவில் லிக்னோகெயின் கிருமிகளின் வளர்ச்சியையே ஓரளவு தடுக்கும். அன்டிபயோட்டிக்குக்குப் பதிலாகப் பயன்படும் அளவுக்கு இல்லை. ஆனால் கிருமி வளர்த்துப் பார்க்கவென்று எடுக்கும் சீழிலோ திசுவிலோ இந்த மருந்து கலந்திருந்தால், "கிருமி இல்லை" என்று பிழையான விடை வரக்கூடும்.

சீழ்க்கட்டிக்கு விறைப்பு ஊசி போட்டும் எனக்கு நொந்தது. டொக்டர் மருந்தை மிச்சம் பிடித்தாரா?

இல்லை. நான் ஏ.எல். படிக்கும்போது தொடையில் ஒரு கட்டி வந்து, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு இடத்தில் கீறினார்கள். ஊசி மூன்று முறை போட்டார்கள். எனக்கு மூன்று முறையும் ஊசிதான் நொந்தது, பிறகு கத்தியும் நொந்தது. மயக்க மருந்துத் துறைக்கு நான் வந்ததற்கு அந்தக் கட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு படித்தபோதுதான் விளங்கியது. மருந்து நரம்புச் சவ்வைக் கடக்க வேண்டுமென்றால் மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். வழமையான திசுவில் லிக்னோகெயினின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த வடிவத்தில் இருக்கும். சீழ் பிடித்த இடம் புளித்துப்போயிருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4 இலிருந்து 6.4 க்கு இறங்கினால் அந்த நாலில் ஒரு பங்கு நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கிவிடும். மருந்து போகிறது, ஆனால் வாசலுக்கு வெளியே நிற்கிறது. அத்தோடு அழற்சி உள்ள இடத்தில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வீக்கத்து நீர் அதை ஐதாக்கும். நோ நரம்புகளும் ஏற்கெனவே சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

அழற்சியை அடக்கும் என்று நாம் ஆசைப்படும் மருந்து, அழற்சி உள்ள இடத்தில்தான் சரியாக வேலை செய்யாது! அதனால் கட்டிக்குள்ளே போடாமல், தள்ளிச் சுற்றிவர நல்ல திசுவில் போடுவார்கள், அல்லது அந்த இடத்துக்குப் போகும் நரம்பை மேலேயே பிடிப்பார்கள். பெரிய கட்டி என்றால் மயக்கம் கொடுத்துவிடுவதே மேல்.

பிள்ளைப்பேற்றுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். குடல்வளரி வெடித்த அப்பாவுக்கு ஏன் முழு மயக்கம்?

முதுகு ஊசி கால்களுக்கும் வயிற்றுக்கும் போகும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். திடகாத்திரமான தாய்க்கு அதைச் சமாளிக்கலாம். செப்சிஸில் ஏற்கெனவே அழுத்தம் தள்ளாடும் ஒருவருக்குச் சமாளிப்பது கடினம். இரத்தம் உறையும் தன்மை குழம்பியிருந்தால் முதுகெலும்புக்குள் இரத்தம் கட்டலாம். இரத்தத்தில் கிருமி உலாவும்போது அங்கே ஊசியைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. அதோடு வயிறு முழுவதையும் கழுவ வேண்டிவந்தால் முதுகு ஊசியின் விறைப்பு மேல்வயிறு வரைக்கும் போதாமலும் போகலாம். அசையாத குடலில் இருந்து வாந்தி எப்போதும் வரலாம் என்பதால், தூங்க வைத்தவுடன் விரைவாகச் சுவாசக்குழாய்க்குள் குழாய் இட்டுப் பாதுகாப்போம். மயக்கம் தெளிந்தபின் அப்பாவுக்குத் தொண்டை அரிப்பது அதனால்தான்.

அப்படியானால் வயிற்றுச் சத்திரசிகிச்சையில் விறைப்பு மருந்துக்கு வேலையே இல்லையா?

நிறைய உண்டு. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையில் ஓடும் நரம்புகளை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இரு பக்கமும் விறைக்கச் செய்யலாம். நடுவில் நீளமாகக் கீறியிருந்தால் தொப்புளை ஒட்டிய நேர்த்தசையின் உறைக்குள் மெல்லிய குழாய் வைத்து நாள்கணக்கில் மருந்து விடலாம். ஆக எளியது, தைத்து முடிக்கும்போது சத்திரசிகிச்சை வைத்தியரே காயத்தின் விளிம்பில் ஊசி போடுவது. மோர்ஃபின் தேவை குறையும். மோர்ஃபின் குறைந்தால் குடல் விரைவாக விழிக்கும். நோயாளி ஆழமாக மூச்செடுப்பார், இருமுவார், எழும்பி நடப்பார், நுரையீரலில் சளி கட்டாது. அழற்சியை நேரடியாக அடக்குவதைவிட இந்தச் சுற்றுவழி நன்மையே இன்றைக்கு நான் நம்பிச் சொல்லக்கூடியது.

வயிற்றறைக்குள்ளேயே மருந்தை ஊற்றுவதும் உண்டு, பித்தப்பைத் துளைவழிச் சத்திரசிகிச்சையில் போல. அழற்சி பிடித்த சவ்வு மருந்தை வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால் தொற்று உள்ள வயிற்றில் அளவு பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

அளவு கூடினால் என்ன ஆகும்?

கலப்பற்ற லிக்னோகெயினுக்கு நாங்கள் மனதில் வைத்திருக்கும் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அட்ரினலின் கலந்திருந்தால் 7. பியூபிவகெயினுக்கு 2. 50 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்குக் கலப்பற்ற லிக்னோகெயின் 150 மில்லிகிராம். 1% மருந்தில் அது 15 மில்லிலீற்றர், 2% மருந்தில் ஏழரைதான். போத்தலில் எழுதியிருக்கும் சதவீதத்தைக் கவனிக்காவிட்டால் அளவு இரண்டு மடங்காகிவிடும்.

மிஞ்சினால் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், வாயில் இரும்புச் சுவை வரும், காது இரையும். பிறகு வலிப்பு, அதன்பின் இதயத் துடிப்புக் குழம்பும். அப்போது கொடுப்பது 20% கொழுப்புக் கரைசல், சாப்பிட முடியாதவர்களுக்கு இரத்த நாளத்தில் ஏற்றுகிற அதே வெள்ளை மருந்து. ஆகவே ஊசி போட்ட பிறகு "வாயில ஏதோ மாதிரி இருக்கு" என்று தோன்றினால் கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள்.

செப்சிஸ் நோயாளியில் கணக்கு இன்னும் சிக்கல். ஈரலுக்குப் போகும் இரத்தம் குறைவதால் லிக்னோகெயின் உடலை விட்டு மெதுவாகவே போகும். மறுபக்கம், அழற்சியின்போது ஈரல் அதிகம் சுரக்கும் ஒரு புரதம் பியூபிவகெயினைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. எது எவ்வளவு என்று படுக்கையருகில் அளக்க முடியாத விஷயம். நான் குறைத்துத்தான் கொடுப்பேன். காயத்தில் விறைப்பு மருந்து போட்டவருக்கு இரத்த நாளம் வழியாகவும் லிக்னோகெயின் ஏற்றுவது கூடவே கூடாது.

நோவுக்கு ஊசி போட்டால் என்ன வருத்தம் என்பது மறைந்துவிடும் என்று முன்பு சொன்னார்களே?

ஒரு தலைமுறை வைத்தியர்களே அப்படித்தான் படித்தார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. நோ போய்விட்டால் துப்பும் போய்விடும் என்று பயந்தார்கள். பிறகு செய்த சோதனைகளில், மோர்ஃபின் வகை மருந்து முன்கூட்டியே கொடுத்தவர்களில் நோயைப் பிழையாகக் கணிப்பது கூடவில்லை. சொல்லப்போனால் துடிக்காமல் படுத்திருக்கும் ஆளின் வயிற்றைப் பரிசோதிப்பது இலகு. ஆகவே உங்கள் ஆள் நோவில் முனகிக்கொண்டிருந்தால் மருந்து கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இது வைத்தியசாலைக்குள் இருப்பவருக்குச் சொன்னது. வீட்டில் நோக்குளிசையைப் போட்டுவிட்டு "இப்ப பரவாயில்லை" என்று இரண்டு நாள் இருப்பது வேறு கதை. குடல்வளரி வெடித்த உடனே சிலருக்கு நோ கொஞ்ச நேரம் குறையும். உள்ளே அழுத்தம் விட்டுப்போவதால் வரும் சுகம் அது. அதை நம்பி வீட்டில் நின்றவர்களைத்தான் நாங்கள் பிறகு நள்ளிரவில் பார்க்கிறோம்.

அன்டிபயோட்டிக் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாதா?

வெடிக்காத குடல்வளரிக்குச் சிலரில் முடியும். அமெரிக்காவில் 1552 பேரைக் கொண்டு நடந்து 2020 இல் வெளியான சோதனையில், அன்டிபயோட்டிக் மட்டும் பெற்றவர்களில் 10 பேருக்கு 3 பேர் அளவில் 90 நாளுக்குள் சத்திரசிகிச்சைக்கு வந்தார்கள். மிச்சம் 7 பேர் அந்த 90 நாளைக் கத்தி இல்லாமல் கடந்தார்கள். குடல்வளரிக்குள் மலக்கல் இருந்தவர்களுக்கு முடிவு அவ்வளவு நன்றாக இல்லை.

குடல் துளைத்து மலம் கசிகிறது என்றால் எந்த மருந்தும் தனியே காப்பாற்றாது. ஓட்டையை அடைக்க வேண்டும், சீழை வெளியே எடுக்க வேண்டும். அது சரியாக நடந்துவிட்டால் அன்டிபயோட்டிக்கை நீட்டத் தேவையில்லை என்பதும் தெரியவந்திருக்கிறது. 2015 இல் வெளியான ஒரு சோதனையில் 518 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு நாலு நாள் மட்டும், மற்றப் பகுதிக்கு பத்து நாள் வரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு ஒரே மாதிரி இருந்தது. "ஏன் என்ர பிள்ளைக்கு மருந்தை நிப்பாட்டினவை" என்று வார்ட்டில் சண்டை பிடிக்க முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எப்போது புறப்பட வேண்டும்? நாங்கள் தீவில் இருக்கிறோம்.

அப்படியென்றால் மற்றவர்களைவிட முன்னதாக. நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவான் வரை கடல், அதன்பின் யாழ்ப்பாண நகர் வரை வீதி. பின்னேரம் தொடங்கிய நோவை விடியட்டும் என்று விட்டால் அந்த நேரம் திரும்பி வராது. நோ ஆறு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நின்றால், நடக்க, இருமக் குத்தினால், வயிறு பலகை போல இறுகினால், வாந்தியோடு காய்ச்சல் வந்தால், வாயு போகாமல் வயிறு ஊதினால் பொறுத்திருக்காதீர்கள். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோ பெரிதாகத் தெரியாமலே எல்லாம் நடந்து முடியும். "அம்மம்மா சாப்பிடேல்லை, ஒரு மாதிரி மயங்கிப் பேசுறா" என்பதே அங்கே அறிகுறி. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கும் வந்தது, அதை அழையுங்கள்.

ஓமத் தண்ணீர் குடித்ததால் பெரிய கேடு வராது. ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அடைத்த குடலையோ புண்ணான குடல்வளரியையோ பலவந்தமாக அசைத்தால் வெடிக்காததும் வெடிக்கும்.

எனக்கு விறைப்பு ஊசி ஒத்துக்கொள்ளாது. பல்லுக்குப் போட்டபோது நெஞ்சு படபடத்தது.

அது பெரும்பாலும் ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலினின் வேலை, அல்லது பயத்தில் வந்த மயக்கம். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று நடந்தபடியே சொல்லுங்கள், "அலர்ஜி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். அந்தச் சொல்லை நோயாளிக் குறிப்பில் எழுதிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க நல்ல மருந்து ஒன்று உங்களுக்குக் கிடைக்காமல் போகும்.

வரும் வழியில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டார். சொல்லவேண்டுமா?

சொல்லுங்கள், ஏசமாட்டேன். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு வெறும் தேத்தண்ணி என்றால் இரண்டு மணித்தியாலம், பால் தேத்தண்ணியோ பாணோ என்றால் ஆறு மணித்தியாலம் பார்ப்போம். வெடித்த வயிற்றில் இந்தக் கணக்கு செல்லாது. குடல் நின்றுவிட்டதால் நேற்றுச் சாப்பிட்ட புட்டே இன்னும் இரைப்பையில் இருக்கலாம், நான் அப்படி இருக்கிறதாக நினைத்துத்தான் மயக்கம் கொடுப்பேன். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு என்று மட்டும் நேர்ஸிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள்.